கீழ்ப்படிதல் என்றால் மறுபேச்சே கூடாதா?

பைபிளில் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் ஆளும் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே, அப்படியானால் அரசு, போதகர், கணவர் யார் எதைச் சொன்னாலும் கிறிஸ்தவர் கேட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

அந்த நிருபத்தை எழுதிய பவுலே பலமுறை சிறைக்குப் போனவர். இயேசுவின் பெயரில் போதிக்கக் கூடாது என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் தடுத்தபோது, மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் நேருக்கு நேர் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 5:29). அதற்காக அடியும் வாங்கினார்கள், திருப்பி அடிக்கவில்லை. 1934-இல் ஜெர்மனியில், சபைக்குள் நாஜிகளின் தலையீட்டை எதிர்த்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட பார்மன் அறிக்கையும் சபையை அரசின் கருவியாக்குவதை மறுத்தது.

குடும்பத்துக்கு வந்தால், மனைவிகளுக்குச் சொன்ன எபேசியர் 5:22-ஐத்தான் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை. 21-இலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கணவருக்கோ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்பது கட்டளை.

சரி, கணவருக்குத் தலைமைப் பொறுப்பு உண்டு என்று போதிக்கும் சபைகளும் உண்டு, இருவரும் சமம் என்பவையும் உண்டு. ஆனால் அடிபடும் பெண்ணிடம் 'கீழ்ப்படி' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. அவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும்.