தண்டனை குறைவு என்றால் யார் மேல்முறையீடு செய்வது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கடைக்குள் புகுந்து, கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்து, தம்பியின் கையையும் வெட்டியவனுக்கு ரீஜனல் கோர்ட் ஐந்து வருடச் சிறை விதித்து, அதை முழுவதும் நிறுத்திவைத்துவிட்டது. இரண்டு வாரம் ஆகிறது. நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: நீங்கள் நேரடியாகச் செய்ய முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் (1977) 310ஏ பிரிவு அந்த உரிமையை, பிராசிக்யூட்டர்களின் தலைவரான அரசுத் தரப்பு இயக்குநருக்கே தருகிறது. தண்டனை விதித்த நாளிலிருந்து 30 நாளுக்குள், மேல்முறையீட்டுக்கு அனுமதி கோரும் மனுவை அவர் ஹைகோர்ட் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அந்த 30 நாளில் பாதி போய்விட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள இயக்குநரின் அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். வழக்கு நடத்திய பிராசிக்யூட்டரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

கடிதத்தில் கோர்ட் வழக்கு எண், தண்டனைத் தேதி, மாஜிஸ்திரேட் சொன்ன காரணங்கள் இருக்கட்டும். காயத்தையும் வேதனையையும் மட்டுமே எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. "நானாக இருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பேன்" என்பதற்காக மேல் நீதிமன்றம் தலையிடாது. மாஜிஸ்திரேட் சட்டத்தில் தவறியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டனை அதிர்ச்சி தரும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கார் பிஸ்டோரியஸ் வழக்கில் ஆறு வருடத்தை 2017-ல் 13 வருடம் 5 மாதமாக உயர்த்தியது, அரசுத் தரப்பு கொண்டுபோன இத்தகைய மேல்முறையீடுதான்.

உங்கள் வழக்கில் பிடி இருக்கிறது. ஆயுதத்தோடு செய்த கொள்ளைக்கு, 1997-ன் 105-ஆம் எண் சட்டப்படி, முதல் முறை குற்றம் செய்தவனுக்கே குறைந்தது 15 வருடம். அதைக் குறைக்க வலுவான, கட்டாயப்படுத்தும் காரணங்கள் வேண்டும். அவற்றைக் கோர்ட் ரெக்கார்டில் பதியவும் வேண்டும். அற்பக் காரணத்துக்காகக் குறைக்கக் கூடாது என்று 2001-ல் மால்காஸ் வழக்கிலேயே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இளைஞன், வேலை தேடுகிறான்" என்பதற்கு மேல் மாஜிஸ்திரேட் என்ன பதிந்தார் என்று பிராசிக்யூட்டரைக் கேளுங்கள்.

சறுக்கும் இடங்களும் உண்டு. இந்தக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தும் என்று விசாரணையின்போது குற்றவாளிக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் வாதம் பலவீனமாகும். தண்டனையை அரசுத் தரப்பே உடன்பாட்டில் ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் சிக்கல். தம்பியின் மருத்துவ அறிக்கை கோர்ட் ரெக்கார்டில் இல்லையென்றால் அதை இப்போது நுழைப்பதும் எளிதல்ல. 30 நாள் கடந்தால் நியாயமான காரணம் காட்டி நீட்டிப்பு கேட்கலாம். ஆனால் "குடும்பத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது" என்பது எடுபடாது. தண்டனை சொன்னபோது பிராசிக்யூட்டர் அங்கேதானே நின்றார்!

மனுவின் நகல் குற்றவாளிக்கும் போகும், அவரும் பதில் எழுதலாம். அனுமதியை நீதிபதி தன் அறையிலேயே முடிவு செய்வார். இயக்குநர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இதற்கிடையில் அவன் கடைப்பக்கம் வந்து மிரட்டினால் மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே போலீஸில் தனிப் புகார் கொடுங்கள்.