பெர்க்லியின் பெரிய வகுப்புகள் – கடிதம்

வணக்கம்.

என் மகளுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மூலக்கூறு உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு சிறிய தனியார் கல்லூரியும் அழைத்திருக்கிறது, கட்டணம்தான் அங்கே அதிகம். என் தம்பி பெர்க்லி வேண்டவே வேண்டாம் என்கிறான். ஒரே வகுப்பில் 700 பேராம், பேராசிரியருக்கு யார் முகமும் தெரியாதாம், மாணவர்களே மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்களாம். பல்கலைக்கழகத் தளத்திலோ பெரும்பாலான வகுப்புகள் சிறியவை என்று போட்டிருக்கிறது. யாரை நம்புவது?

எம்., ஃப்ரீமான்ட்

அன்புள்ள எம்,

இருவரும் சொல்வது உண்மைதான். கணக்கிடும் விதம் வேறு. பத்து வகுப்புகள் நடத்தும் ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் தலா 20 பேர், ஒன்றில் 500 பேர். “பத்தில் ஒன்பது சிறிய வகுப்பு” என்று துறை விளம்பரம் செய்தால் அதில் பொய் இல்லை. ஆனால் மொத்தமுள்ள 680 இருக்கைகளில் 500 அந்த ஒரே வகுப்பில் இருக்கின்றன. வகுப்புகளின் சராசரி 68 பேர். ஒரு மாணவர் சராசரியாக எத்தனை பேர் கொண்ட வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் 373 வரும். தளம் முதல் கணக்கைச் சொல்கிறது, உங்கள் தம்பி இரண்டாவதை. முதலாண்டு மாணவிக்குப் பொருந்துவது தம்பியின் கணக்கு.

உயிரியல் என்றால் முதல் இரண்டு ஆண்டுகளில் பொது வேதியியல், கரிம வேதியியல், கணிதம், அடிப்படை உயிரியல் எல்லாமே பெரிய அரங்குகளில்தான். வீலர் ஹால் அரங்கில் ஏறத்தாழ 700 பேர் உட்காரலாம். வேதியியல் நடக்கும் பிமென்டெல் ஹாலில் 500 பேர் அளவுக்கு இடம் உண்டு. அங்கே மேடையே மூன்று பாகமாகச் சுழலும். ஒரு பாகத்தில் பாடம் நடக்கும்போது பின்னால் அடுத்த வகுப்புக்கான செய்முறையை அடுக்கி வைப்பார்கள். கணினி அறிவியலின் முதல் பாடமான சிஎஸ் 61ஏ சில பருவங்களில் 1,500 பேரைத் தாண்டியது. அத்தனை பேர் உட்கார அரங்கு கிடையாது, பலர் வீடியோவில்தான் பார்த்தார்கள்.

இதற்காக நான் பயப்பட மாட்டேன். 60 பேருக்குச் சொன்னாலும் 600 பேருக்குச் சொன்னாலும் விரிவுரை விரிவுரைதான். கை தூக்கிக் கேள்வி கேட்பவர்கள் இரண்டிலும் நான்கைந்து பேர். உண்மையில் வகுப்பு என்று சொல்லத்தக்கது ‘செக்‌ஷன்’. 500 பேரையும் 25 பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, வாரம் ஓரிரு மணி நேரம் ஒரு ஜிஎஸ்ஐ கணக்குகளைப் போட வைப்பார். ஜிஎஸ்ஐ என்பவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். தம்பி சொன்ன “மாணவர்களே பாடம் எடுப்பது” இதுதான். ஆய்வகம், திருத்தம், மதிப்பெண் எல்லாம் இவர்கள் கையில். 2022 நவம்பர் 14 அன்று பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் ஜிஎஸ்ஐகள் உட்பட ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, இறுதித் தேர்வும் மதிப்பெண்ணும் பல பாடங்களில் தடுமாறின. பேராசிரியர்கள் இருந்தும் திருத்த ஆளில்லை. பெரிய வகுப்பு எந்தத் தூணில் நிற்கிறது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே மகள் கவனமாகத் தேர்வு செய்ய வேண்டியது செக்‌ஷனை. பதிவு செய்யும்போது பெரும்பாலும் ஜிஎஸ்ஐயின் பெயர் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் வேறு ஒன்றிரண்டு செக்‌ஷன்களிலும் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆய்வகம் அல்லாத செக்‌ஷன்களில் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. கணக்கைப் பலகையில் தானே போட்டுவிட்டுப் போகிறவரை விட, மூன்று மூன்று பேராக உட்கார வைத்துப் போடச் சொல்லி மேசை மேசையாக வருகிறவர் மேல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெயிட்லிஸ்ட் செக்‌ஷனோடு கட்டப்பட்டது. அரங்கில் இடம் இருந்தாலும், கேட்ட செவ்வாய் பத்து மணி செக்‌ஷன் நிரம்பியிருந்தால் பெயர் நகராது. வேறு பாடத்தோடு நேரம் மோதினாலும், யூனிட் (ஒவ்வொரு பாடத்தின் சுமையைக் குறிக்கும் அளவு) வரம்பு மீறினாலும் கணினி அவளைத் தாண்டி அடுத்தவருக்கு இடத்தைக் கொடுத்துவிடும். காலை எட்டு மணி, வெள்ளி மாலை செக்‌ஷன்களை யாரும் விரும்புவதில்லை. அதில் நுழைந்துகொண்டு பிறகு மாறுவதுதான் வழக்கமான உபாயம். பதிவு முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று நடக்கும். முதல் கட்டத்தில் சீக்கிரம் நிரம்பும் பாடங்களைப் போட வேண்டும், எளிதாகக் கிடைப்பதை இரண்டாம் கட்டத்துக்கு விடலாம். பலர் பிடித்த பாடத்தை முதலில் போட்டுவிட்டு வேதியியலுக்கு வெளியே நிற்கிறார்கள். தேவை அதிகமுள்ள சில பாடங்களைப் பருவத்தின் இரண்டாவது வெள்ளிக்குள் விட்டால்தான் உண்டு, அதன்பின் கைவிட முடியாது.

தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும், பெரிய வகுப்பின் கோணல் அதிகம் தெரிவது அங்கேதான். மிட்டெர்ம் என்ற பருவ நடுத் தேர்வு பெரும்பாலும் மாலையில், பல அரங்குகளில் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு பாடங்களின் மிட்டெர்ம் ஒரே மாலையில் விழுந்தால் மாற்றுத் தேர்வுக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே படிவம் கொடுத்திருக்க வேண்டும். விடைத்தாளை ஸ்கேன் செய்து கிரேட்ஸ்கோப்பில் ஏற்றுவார்கள் (அந்த மென்பொருளே பெர்க்லியின் ஜிஎஸ்ஐகள் திருத்தத்தின் சுமை தாங்காமல் உருவாக்கியது). ஒரே ஆள் முழுத்தாளையும் பார்ப்பதில்லை. மூன்றாம் கேள்வியை ஒருவர் 500 தாள்களிலும் பார்ப்பார், நான்காம் கேள்வி இன்னொருவருக்கு. நியாயமான முறைதான். ஆனால் விடையைக் கட்டத்துக்கு வெளியே எழுதினால் அது அவர் திரையில் வராமலே போகலாம். வீட்டுப்பாடத்தில் எந்தப் பக்கம் எந்தக் கேள்விக்கு என்று குறிக்க மறந்தால் சுழியம் விழும். மறுதிருத்தம் கேட்க சில நாட்களே தருவார்கள். “எனக்கு மதிப்பெண் குறைவு” என்று எழுதினால் பயன் இல்லை. ‘மதிப்பெண் விதியின் இந்த வரிக்கான விடை இரண்டாம் வரியில் இருக்கிறது’ என்று சுட்டினால் திருத்துவார்கள். மறுபடி பார்க்கும்போது மதிப்பெண் குறையவும் கூடும்.

பெரிய வகுப்பின் உண்மையான நட்டம் மூன்றாம் ஆண்டில்தான் தெரியும். மருத்துவக் கல்லூரிக்கோ ஆய்வுப் படிப்புக்கோ பரிந்துரைக் கடிதம் வேண்டும், எழுதித் தர முகம் தெரிந்த பேராசிரியர் இருக்க மாட்டார். இந்த இடத்தில் சிறிய கல்லூரி வெல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பெர்க்லியில் அதைத் தேடிப் போய்த்தான் பெற வேண்டும். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸ் மிட்டெர்முக்கு முந்தைய வாரம் திருவிழாக் கூட்டமாக இருக்கும், இரண்டாம் மூன்றாம் வாரங்களில் காலியாகக் கிடக்கும். அப்போது போக வேண்டும், ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு. யுஆர்ஏபி என்ற திட்டத்தில் இளங்கலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வில் சேரலாம். ஒவ்வொரு பருவமும் விண்ணப்பிக்கலாம், முதல் தடவை கிடைக்காதது சகஜம்.

சிறிய வகுப்புகளும் முதலாண்டிலேயே உண்டு. வாசிப்பும் கட்டுரையும் சொல்லித்தரும் ஆர்1ஏ, ஆர்1பி வகுப்புகளில் இருபது பேர் அளவில்தான் இருப்பார்கள். எண் 24 கொண்ட முதலாண்டுக் கருத்தரங்குகளுக்கு ஒரு யூனிட்தான், பேராசிரியரே நேரில் நடத்துவார். மொழி வகுப்புகளும் அப்படியே. தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தது இங்கேதான். 1990களில் அமெரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டித் தமிழ் இருக்கை அமைத்ததும் இங்கேதான். மகளுக்கு விருப்பம் இருந்தால் தமிழும் எடுக்கலாம்.

கட்டண வித்தியாசம் கடன் வாங்கும் அளவுக்கு இருந்தால் பெர்க்லிக்கே அனுப்புங்கள். கேட்கக் கூச்சப்படும் பெண்ணாக இருந்து, பணமும் பொருட்டில்லை என்றால் சிறிய கல்லூரியை யோசிக்கலாம். பெர்க்லி என்றால் முதல் பருவத்துக்கு ஒரு பெரிய அறிவியல் பாடம், கணிதம், ஒரு ஆர்1ஏ, ஒரு 24 போதும். எல்லாம் சேர்த்து 13 யூனிட் வரும். ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேர உழைப்பு என்பது பல்கலைக்கழகத்தின் விதி, ஆக 39 மணி நேரம். வேதியியலும் உயிரியலும் ஒரே பருவத்தில் வேண்டாம், இரண்டின் ஆய்வகமும் ஒரே வாரத்தை விழுங்கிவிடும்.