வாஸர்மன் சோதனை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சிபிலிஸ் என்னும் பால்வினை நோயை இரத்தத்தில் அறியும் சோதனையை உருவாக்கிய ஆகஸ்ட் ஃபான் வாஸர்மன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் அவரைப் போற்றும் அளவுக்கு என்னால் போற்ற முடியவில்லை. என் தங்கை நான்கு மாதக் கர்ப்பிணி. முதல் இரத்தப் பரிசோதனையில், வாஸர்மன் சோதனையின் வழிவந்த சிபிலிஸ் சோதனையான வி.டி.ஆர்.எல். ‘ரியாக்டிவ் 1:4’ என்று வந்தது. மாப்பிள்ளைக்கு எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றானதும் பேச்சு முழுவதும் அவள்மேல் திரும்பிவிட்டது. புகுந்த வீட்டில் அவள் பட்டதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிறகு, சிபிலிஸ்தானா என்று உறுதிசெய்ய எடுத்த டி.பி.எச்.ஏ. சோதனை நெகட்டிவ். “சில பேருக்கு அப்படித்தான் வரும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாகத் தரித்திருப்பவள் அவள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தவறாகச் சொல்லும் ஒரு சோதனையை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். தங்கையின் வி.டி.ஆர்.எல். முடிவையும், இரண்டு முறை கரு கலைந்ததையும் சேர்த்து அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் தாமதமின்றிச் சொல்லுங்கள். இவை இரண்டும் தனித்தனிச் செய்திகளாக இல்லாமலிருக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அந்தச் சோதனையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சிபிலிஸுக்குக் காரணமான சுருள்வடிவ நுண்ணுயிரியை 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மனும் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே வாஸர்மன், நைஸர், ப்ருக் ஆகிய மூவரும் இரத்தத்தைக் கொண்டே அந்நோயை அறியும் வழியை வெளியிட்டார்கள். நுண்ணுயிரியை ஆய்வகத்தில் வளர்க்க அன்று யாராலும் முடியவில்லை. ஆகவே பிறவிச் சிபிலிஸால் இறந்து பிறந்த சிசுக்களின் கல்லீரலில் அது மிகுதியாக இருப்பதை அறிந்து, அந்தக் கல்லீரலின் சாற்றையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அச்சாற்றோடு நோயாளியின் சீரத்தையும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதி) கினிப்பன்றியின் சீரத்தையும் கலந்து, பின்னர் ஆட்டின் சிவப்பணுக்களை, அவற்றைச் சிதைக்கவல்ல எதிர்ப்பொருளோடு சேர்ப்பார்கள். நோயில்லாதவர் என்றால் அணுக்கள் உடைந்து, குழாய் முழுவதும் தெளிந்த சிவப்பாகிவிடும். நோயாளி என்றால், அணுக்களை உடைப்பதற்குக் கினிப்பன்றியின் சீரத்திலிருந்து வரவேண்டிய பொருள் முன்பே செலவாகிவிட்டிருக்கும். அணுக்கள் உடையாமல் அடியில் படிந்து நிற்கும்.

நோய்க்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே கண்டுவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். அடுத்த ஆண்டிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனரும் அவரோடு பணியாற்றியவர்களும், சிபிலிஸ் தொடாத விலங்கின் இதயத்திலிருந்து ஆல்கஹாலில் பிரித்தெடுத்த சாறும் அதே வேலையைச் செய்கிறது என்று 1907இல் வியன்னாவிலிருந்து காட்டினார்கள். அப்படியானால் அச்சோதனை கண்டது கிருமியை அல்ல. அது கண்டது எதை என்ற கேள்விக்கு 1941 வரை விடையில்லை. அவ்வாண்டில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து ஒரு கொழுப்பைத் தூய்மையாகப் பிரித்து, அதற்குக் கார்டியோலிபின் என்று பெயரிட்டார். நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இருக்கும் கொழுப்பு அது. சிபிலிஸ் கண்டவர்களின் உடலில் அந்தக் கொழுப்புக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. 1946இல் உருவான வி.டி.ஆர்.எல். சோதனையில் இன்றும் அதே கார்டியோலிபின்தான் பயன்படுகிறது. சூடாக்கிய சீரத்தில் அதன் ஒரு துளியை விட்டு நான்கு நிமிடம் சுழற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். திரிதிரியாகத் திரண்டிருந்தால் ‘ரியாக்டிவ்’ என்று எழுதுவார்கள்.

உங்கள் தங்கையின் அறிக்கை சொல்வது இவ்வளவே: அவருடைய இரத்தத்தில் ஒரு கொழுப்புக்கு எதிரான எதிர்ப்பொருள் சிறிதளவு இருக்கிறது (1:4 என்பது, சீரத்தை நான்கு மடங்கு நீர்க்கச் செய்தாலும் அது தெரிகிறது என்பது). மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல்கள், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய், சில வேளைகளில் கர்ப்பமேகூட அதை உண்டாக்கக்கூடும். கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்று வந்துவிட்ட நிலையில், சிபிலிஸ் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. தொற்றின் தொடக்க வாரங்களில் அதுவும் நெகட்டிவாக இருக்கக்கூடும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி இந்தச் சோதனை ஒரு சொல்லும் சொல்வதில்லை. இரண்டாவது முடிவு வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அந்த வீட்டாரிடம் மருத்துவமனையில் இருந்த எவரேனும் ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன்.

பிறகு ஏன் இதை வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவானால், நோய் குணமான பின்னும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அப்படியே நிற்கும். வி.டி.ஆர்.எல். அளவோ சிகிச்சைக்குப் பின் 1:32, 1:8 என்று இறங்கிவரும். மருந்து வேலை செய்ததா என்பது அதில்தான் தெரியும். செலவும் குறைவு. சிகிச்சை பெறாத சிபிலிஸ் கருவைக் கொல்லக்கூடும். உரிய காலத்தில் போடும் பென்சிலின் ஊசி அந்தக் குழந்தையைக் காப்பாற்றும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இதைச் செய்துபார்ப்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

இனி முதலில் சொன்னதற்கு வருகிறேன். 1949இல் பால்டிமோரில் நெல்சனும் மேயரும் உயிருள்ள கிருமியையே கொண்டு ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நோயாளியின் எதிர்ப்பொருள் பட்டதும் கிருமி அசைவற்றுப்போகும். அதைக் கொண்டு பார்த்தபோது, சிபிலிஸ் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த பலருக்கு அந்நோய் இருந்ததே இல்லை என்பது வெளிப்பட்டது. பொய்யாக ரியாக்டிவ் காட்டியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வந்ததையும் கண்டார்கள். 1983இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸும் அவருடைய குழுவினரும் இதைத் துலக்கினார்கள். கார்டியோலிபினுக்கு எதிரான எதிர்ப்பொருள் நிலைத்துவிட்ட சிலருக்கு இரத்தம் எளிதில் உறைகிறது. பெண்களுக்கு மீண்டும் மீண்டும் கரு கலைகிறது. ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் என்று அதைச் சொல்கிறார்கள்.

தங்கைக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவன் அல்லன். ஆனால் கேட்காமல் விடக்கூடாத கேள்வி இது. இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தேடும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆகிய மூன்று சோதனைகளும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தாலும் 12 வாரம் கழித்து மறுமுறை பார்த்துத்தான் நோயை உறுதிசெய்வார்கள். ஆயினும் கர்ப்பிணி என்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் இப்போதே வேண்டுமா என்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். முந்தைய கருக்கள் எத்தனையாவது வாரத்தில் கலைந்தன என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய ஸ்கேன் அறிக்கைகளோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் மாப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்பதன் பொருளை அவர் மருத்துவரின் வாயாலேயே கேட்கட்டும்.