குதிக்கால் வலியோடு முதல் அல்ட்ரா மரதனுக்குத் தயாராக முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஐந்து மாதத்தில் 50 கிலோமீற்றர் மலைப்பாதை ஓட்டம், காசும் கட்டியாகிவிட்டது. ஆறு கிழமையாகக் குதிக்காலுக்கு மேலே வலி. ஓய்வெடுத்தால் குறைகிறது, ஓடினால் திரும்ப வருகிறது. விலகுவதா, தொடர்வதா?

மூன்று வருடத்துக்கு முன்னர் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். வெள்ளவத்தையில் வீடு, விடியக்காலையில் மரைன் டிரைவ், இரண்டு அரை மரதன் ஓடி முடித்த தைரியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடரலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே தொடர முடியாது.

என் பிழை எங்கே தொடங்கியது என்று பிறகுதான் விளங்கியது. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியதும் மூச்சு பழகிவிட்டது. வெள்ளவத்தையில் இருந்து காலிமுகத்திடல் போய்த் திரும்பும்போதும் பக்கத்தில் ஓடும் தம்பியோடு கதைக்க முடிந்தது. உடம்பு தயார் என்று நம்பிவிட்டேன். இதயமும் நுரையீரலும் சில கிழமைகளில் பழகிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. நான் ஒரே மாதத்தில் மூன்றை மாற்றினேன். தூரத்தைக் கூட்டினேன், மலை ஏற்றத்துக்காக ஃபிளாட் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன், குதிப்பக்கம் தாழ்வான புதுச் சப்பாத்தும் வாங்கினேன். தட்டையான சப்பாத்து, கெண்டைத் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணில் கூடுதல் சுமையை ஏற்றும். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் கால் தாங்கியிருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வலி எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடிய நாலரை மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில், வலது குதிக்காலுக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், காய்ந்துபோன கயிற்றை இழுப்பதுபோல ஓர் இறுக்கம். குசினிக்குப் பதினாலு அடி. ஒன்பதாவது, பத்தாவது அடியில் தளர்ந்துவிடும். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வலியே இருக்காது. ஏமாந்தது அங்கேதான். சூடேறியதும் தசைநாண் அமைதியாகிவிடும். ஓடி முடித்து, ஒபிஸ் போய், பின்னேரம் கதிரையை விட்டு எழும்பும்போது திரும்பப் பிடிக்கும். அம்மா இரவில் சித்தாலேப பூசிவிடுவா. அது பெரிய ஆறுதல், ஆனால் பிரச்சினை தோலுக்கு அடியில் இருந்தது. இரண்டு கிழமை முழு ஓய்வெடுத்தேன், வலி போனது. 12 கிலோமீற்றர் ஓடினேன், வந்துவிட்டது. ஓய்வு வலியை அடக்கும், தசைநாணைப் பலப்படுத்தாது.

பிறகுதான் பம்பலப்பிட்டியில் ஒரு பிசியோ அக்காவிடம் போனேன். அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஓடுறதை விடச் சொல்லமாட்டன். ஆனா இண்டைக்கு ஓடினது சரியா பிழையா எண்டு நாளைக்குக் காலமை கால்தான் சொல்லும்.” 2007இல் சுவீடனில் சில்பர்னாகல் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. பத்துக்கு ஐந்து வரையான வலியோடு ஓட்டத்தைத் தொடர்ந்தபடியே பயிற்சி செய்தவர்களும், முதல் சில கிழமைகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்தவர்களும் ஒரே மாதிரித்தான் குணமானார்கள். நிபந்தனை: வலி மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும், கிழமைக்குக் கிழமை கூடவும் கூடாது.

அன்று முதல் குசினிக் கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஓர் எண் எழுதினேன். எத்தனையாவது அடியில் இறுக்கம் விட்டது என்று. 9 என்றால் திட்டப்படி ஓடலாம். 14ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை, நடைதான். கைக்கடிகாரம் காட்டிய எந்தக் கணக்கையும்விட இந்த எண்தான் எனக்கு உதவியது. நீங்களும் நாளைக்கே தொடங்குங்கள்.

பயிற்சி எளிது, அலுப்பானது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் உயர்ந்து, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதியைக் கீழே இறக்குவது. 1998இல் அல்ஃபிரெட்சன் என்ற சுவீடன் மருத்துவர் வெளியிட்ட முறை: முழங்காலை நீட்டி 15 தரம் மூன்று முறை, மடித்து 15 தரம் மூன்று முறை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு கிழமை. எங்கள் ஃபிளாட்டின் கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி செய்வேன். மூன்றாம் நாள் வாச்சர் ஐயா கேட்டார், “மிஸ், ஏன் ஒவ்வொரு நாளும் படியில தொங்குறீங்க?” விளக்கினேன். பிறகு நான் வர முதலே அந்த லைட்டைப் போட்டு வைப்பார். நாலாம் கிழமையில் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்துச் செய்தேன். ஆறாம் கிழமையில்தான் கலண்டர் எண் 5க்கு இறங்கியது. அதுவரை பயனில்லை என்றே தோன்றும், விட்டுவிடாதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். வலி குதி எலும்போடு தசைநாண் ஒட்டும் இடத்திலேயே என்றால் குதியைப் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், தட்டை நிலத்தில் செய்யுங்கள். கீழே இறக்கினால் அந்த இடம் நசுங்கி வலி கூடும்.

அடுத்தது, பெண்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. குதிக்கால் தேறிவருகையில் இடது முன்கால் எலும்பில் வலி வந்தது. முதலில் பரவலாக இருந்தது, பிறகு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியாகிவிட்டது. ஒற்றைக்காலில் துள்ளினால் சுரீரென்றது, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தது. இப்படி இருந்தால் பத்துக்கு ஐந்து என்ற கணக்கெல்லாம் செல்லாது. அன்றே ஓட்டத்தை நிறுத்தி டொக்டரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம், எனக்கும் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது, எலும்பு வெடிக்க முந்திய நிலை. டொக்டர் காலைப் பற்றிக் கேட்க முதல் சாப்பாட்டையும் மாதவிடாயையும் பற்றிக் கேட்டார். நான் வெள்ளிக்கிழமை விரதம், ஒரு நேரச் சாப்பாடு. சனி விடிய மூன்று மணித்தியால ஓட்டம். மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை. ஓடுவதால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். போதிய சாப்பாடு இல்லாமல் ஓடினால் உடம்பு எலும்பைக் கட்டும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். விரதத்தை விடவில்லை, நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். அந்த ஒரு மாற்றத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பயிற்சித் திட்டம் பற்றி. 50 கிலோமீற்றர் மலைப்பாதையில் எங்களைப் போன்றவர்கள் பாதி நேரம் நடக்கத்தான் போகிறோம். ஆகவே கிலோமீற்றரை மறந்து மணித்தியாலத்தை எண்ணுங்கள். நான் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிட வேக நடை என்று ஓடினேன். குதிக்கால் அதைத்தான் ஏற்றுக்கொண்டது. கிழமையில் மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் படி. கொழும்பு தட்டையான ஊர். பத்து மாடி ஏறினால் ஏறக்குறைய 30 மீற்றர், இருபது தரம் என்றால் 600. ஆரம்பத்தில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குங்கள், காலுக்குச் சுமை குறையும். கடைசி எட்டுக் கிழமையில் இறங்கவும் பழக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. மலை ஓட்டத்தில் தொடையை உடைப்பது இறக்கம்தான். ஒரு தரம் இறங்கி நொந்த தொடை, அடுத்த சில கிழமைக்கு அதே வேலைக்கு அவ்வளவு நோகாது.

மரைன் டிரைவில் எப்போதும் ஒரே ஓரத்தால் ஓடாதீர்கள். வீதி ஓரம் சரிவு. ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும்.

எங்கள் புழுக்கத்தில் ஓட முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும், தாகத்துக்குக் குடியுங்கள். நான் ஜீவனி உப்புக் கரைசல், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, பனங்கட்டித் துண்டு கொண்டுபோவேன். பனங்கட்டி வயிற்றைக் குழப்பவே இல்லை.

வலிக் குளிசை விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். இபுபுரோஃபென், டிக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடாதீர்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 80 கிலோமீற்றர் ஓட்டத்தில் இபுபுரோஃபென் எடுத்தவர்களில் 52 வீதமானோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு பதிவானது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 34 வீதம். வியர்த்து வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. அதோடு, நாளைக் காலை கால் சொல்ல வேண்டியதையும் குளிசை மறைத்துவிடும்.

இனி உங்கள் முடிவு. இன்றே விலக வேண்டாம். பன்னிரண்டு கிழமை படிப் பயிற்சி செய்யுங்கள், கலண்டரில் எழுதுங்கள். ஓட்டத்துக்கு ஆறு கிழமை முன்னால், நடையும் ஓட்டமுமாக நாலு மணித்தியாலம் போய், மறுநாள் காலை எண் கூடாமல் இருந்தால் போங்கள். கூடினால் விலகுங்கள். முதல் வருடம் நான் விலகினேன். கட்டிய காசு திரும்பி வரவில்லை, அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த வருடம் அதே தேயிலைத் தோட்டப் பாதையில் 8 மணித்தியாலம் 41 நிமிடத்தில் முடித்தேன். மறுநாள் காலை தொடை இரண்டும் மடங்கவே மறுத்தன, சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். குதிக்கால் மூன்றாவது அடியில் விட்டுவிட்டது.