கேளுங்கள், கதைப்போம்: எல்லை தாண்டும் சேவைகள்

கேள்வி: நெல்லை லொறியில் ஏற்றி விற்பது விளங்குகிறது. இந்தச் சேவை வர்த்தகம் என்பது எப்படி எல்லை தாண்டும்?
— வாசகர், வட்டக்கச்சி

பதில்: நாலு வழியில் தாண்டும். கிளிநொச்சியில் இருக்கிற ஒரு பிள்ளை அவுஸ்திரேலியாவில் உள்ள கடைக்குக் கணக்கு எழுதி இணையத்தில் அனுப்பினால் அது ஒரு வழி. நீங்கள் கண் வைத்தியத்துக்கு மதுரைக்குப் போனால் இந்தியா உங்களுக்குச் சேவையை விற்கிறது, அது இரண்டாவது. வெளிநாட்டு வங்கியோ போன் கொம்பனியோ இங்கே வந்து கிளை திறந்தால் மூன்றாவது, வெளிநாட்டு இன்ஜினியர் சில மாதம் வந்து வேலை முடித்துவிட்டுப் போனால் நாலாவது. உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து 1995இல் நடைமுறைக்கு வந்த காட்ஸ் (சேவை வர்த்தகத்துக்கான பொது ஒப்பந்தம்) வகுத்த கணக்கு இது. இந்தியாவோடு எங்களுக்கு 2000இல் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் சரக்குக்கு மட்டும்தான். 2018இல் சிங்கப்பூரோடும் 2024இல் தாய்லாந்தோடும் கையெழுத்தானவற்றில் சேவையும் இருக்கிறது.

கேள்வி: மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறா. சேவைத் துறையைத் திறந்துவிட்டால் வேலை வரும் என்கிறார்கள். வன்னிக்கும் வருமா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, தானாக வராது. பிலிப்பைன்ஸில் 1990களில் தொலைபேசித் துறையில் இருந்த ஏகபோகத்தை உடைத்தார்கள். பல கொம்பனிகள் வந்தன, ஆங்கிலம் பேசும் பட்டதாரிகளும் இருந்தார்கள், பிறகு அதன் மேல்தான் கோல் சென்டர் தொழில் வளர்ந்து இன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பகுதி மணிலாவிலும் செபுவிலும்தான். இந்தியாவிலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை என்று நகரங்களுக்குத்தான் போனது.

கிராமம் வரை போன கதையும் உண்டு. பங்களாதேஷில் 1997இல் நோர்வேயின் டெலினோர் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பங்கோடு கிராமீன்போன் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்கள் கிராமீன் வங்கியில் கடன் எடுத்து ஆளுக்கொரு போன் வாங்கி, ஊராருக்கு நிமிடக் கணக்கில் கோல் விற்றுச் சம்பாதித்தார்கள். காசு வெளிநாட்டுக் காசுதான், அது கிராமத்துப் பெண்ணின் கைக்கும் வரவேண்டும் என்று முன்னமே யோசித்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

எங்களுக்கு நடந்தது என்ன? இலங்கையில் கைத்தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது. ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 வீதத்தை வாங்கியது 1997இல். அந்த வருசங்களில் வன்னியில் பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்கே வரிசை, பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். ஏ9 பாதை 2002இல் திறந்து 2006இல் திரும்பவும் மூடப்பட்டது, யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்கு வர 2013 ஆனது. கொழும்புப் பிள்ளைகள் திறந்த சந்தையில் பழகிய இருபது வருசம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை, இப்போது இரண்டு பேரும் ஒரே நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் 'எல்லாருக்கும் சம வாய்ப்பு' என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகமான இணையமும் ஆங்கில வகுப்பும் முல்லைத்தீவுக்கு முதலில் வரவேண்டும், ஒப்பந்தம் பேசப் போகிறவர்களிடம் இதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்.

மகளின் விசயத்துக்கு வருவோம். கணக்கியல் படித்த பிள்ளை, அதை விடவேண்டாம். ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் படிப்பைச் செய்யட்டும், கொம்பியூட்டரில் கணக்கு எழுதப் பழகட்டும், ஆங்கிலத்தைப் பரீட்சைக்கு இல்லாமல் பேசுவதற்குப் படிக்கட்டும். கைத்தொழில் பக்கம் விருப்பம் என்றால் அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நேரில் போய் விசாரியுங்கள்.

கேள்வி: போர் முடிந்த பிறகு எத்தனை வங்கி, எத்தனை லீசிங் கொம்பனி வந்தது! அது வளர்ச்சி இல்லையா?
— வாசகர், விசுவமடு

பதில்: கடன் வந்தது, கட்டுவதற்கு வருமானம் வரவில்லை. கிழமைக் காசு கேட்டு வருகிறவரைக் கண்டு பின்வேலியால் போன பெண்களை நான் கண்டிருக்கிறேன், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்களையும் தெரியும். கொடுத்தவர்களில் உள்நாட்டு நிறுவனங்கள்தான் அதிகம், ஆகவே வெளிநாட்டான் தலையில் பழியைப் போட முடியாது. இப்படிச் சின்னக் கடன் கொடுக்கிறவர்களுக்கான நுண்நிதிச் சட்டம் 2016இல்தான் வந்தது. 35 வீத வட்டி உச்சவரம்பும், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணமும் 2018இல். கடை திறந்து பல வருசம் கழித்துச் சட்டம் வந்தால் இப்படித்தான் ஆகும். நிதிச் சேவையை இன்னும் திறக்கப் போகிறார்கள் என்றால் கண்காணிப்பு முதலில் வரட்டும்.

கேள்வி: மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் இந்த ஒப்பந்தங்களில் அடக்கமா?
— வாசகி, மாங்குளம்

பதில்: இல்லை. காட்ஸின் இணைப்பிலேயே, இன்னொரு நாட்டின் வேலைச் சந்தைக்குள் போகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. காசுக்குத் திறந்த கதவு எங்கள் அக்கா தங்கச்சிகளுக்குத் திறக்கவில்லை. தாதிமாருக்கு ஜப்பான் திறந்தது. 2008இல் இந்தோனேசியாவோடும் பிலிப்பைன்ஸோடும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் ஜப்பானிய மொழியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால்தான் தாதியாக அங்கே தங்கலாம், ஆரம்ப வருசங்களில் சித்தியடைந்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் போவதாக இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பிறகுதான் போங்கள், ஏஜென்சிக்காரரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.