சின்னப் பிள்ளையின் முதல் மேடை நாடகம்: திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் வந்தால் ஊரில் சிறுவர் நாடகங்கள் மேடையேறும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முதல் தடவை கூட்டிப்போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, முன்பள்ளியிலும் சிறுவர் நாடகத்திலும் வேலை செய்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியில் இருந்து ஓர் அம்மா: மகனுக்கு இரண்டேகால் வயது. இப்போதே கூட்டிப்போகலாமா, ரீச்சர்?

போகலாம். வயதைவிட, ஃபோன் இல்லாமல் மடியில் இருந்து ஒரு கதையை எவ்வளவு நேரம் கேட்கிறான் என்று பாருங்கள். பத்து நிமிடம் கேட்பான் என்றால், ஆட்டமும் பாட்டும் உள்ள நாடகத்தில் இருபது நிமிடமாவது இருப்பான். அந்த இருபது நிமிடமே அவனுக்கு ஒரு முழு நாடகம். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1980களில் இருந்தே மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனியாக நாடகம் போடுகிறார்கள். இந்த வயதுக்கான நாடகங்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தை ஒட்டியவைதான். நம் ஊர் நாடகங்கள் பத்து வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து நினைத்துப் போடப்படுபவை. அதனால் கடைசிவரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் போங்கள்.

பாலையூற்றில் இருந்து ஓர் அப்பா: கரடி, சிங்கம் வேஷம் கண்டால் மகள் வீரிட்டு அழுவாள். என்ன செய்யலாம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பயப்படுவது இயல்பு. இந்த வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்துத்தான் மனிதரை அறிகிறது. முகமூடி அசையாது, சிரிக்காது, கண் சிமிட்டாது. ஆனால் உடம்பு மட்டும் நடந்து வருகிறது. உள்ளே ஓர் அண்ணா இருக்கிறார் என்று நீங்கள் சொன்னாலும், கண் முன்னே வரும்போது அந்த விளக்கம் நிற்காது.

நாடகத்துக்கு முதல் நாள் வீட்டில் ஒரு காகிதத் தட்டில் கரடி முகம் வரையுங்கள். நீங்கள் அணிந்து கழற்றுங்கள், பிறகு அவளே அணிந்து கழற்றட்டும். கழற்றுகிற வேலை அவள் கையில் இருப்பது முக்கியம். முடிந்தால் மண்டபத்துக்கு முன்னதாகப் போய், நடிகர் முகமூடி போடுவதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல குழுவினர் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது உங்கள் முகம். 1985 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைப் பள்ளம்போலத் தெரியும் கண்ணாடித் தளத்தில் விட்டார்கள். மறுபக்கம் நின்ற தாய் பயந்த முகம் காட்டியபோது ஒரு குழந்தையும் கடக்கவில்லை. சிரித்த முகம் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்தன. சிங்கம் மேடைக்கு வந்ததும் உங்கள் மகளும் திரும்பி உங்களைத்தான் பார்ப்பாள். அந்த நேரம் நீங்கள் மேடையைப் பார்த்து மகிழ்ச்சியாக இருங்கள். அவள் பயத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். கரடியோடு கைகுலுக்கச் சொல்லித் தள்ளவும் வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சோறு ஊட்டும்போது "பூதம் வந்து பிடிச்சுக்கொண்டு போகும்" என்று வெருட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மாதக்கணக்காகச் சொல்லிவைத்த பூதம் மேடையில் உயிரோடு வந்து நின்றால் பிள்ளை என்ன செய்யும்?

உவர்மலையில் இருந்து: மண்டபத்தில் சத்தம் அதிகமாக இருக்குமே, காது பாதிக்குமா?

கைநீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்தவேண்டி இருந்தால், சத்தம் ஏறத்தாழ 85 டெசிபலைத் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவில் நெடுநேரம் இருந்தால் காது பாதிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். காதில் பஞ்சு வைப்பதால் பெரிதாகப் பயனில்லை. காதுக்குள் வைக்கும் சின்ன அடைப்பான்களை இந்த வயதுப் பிள்ளை வாயில் போட்டுவிடும். தலையில் மாட்டும் காதுமூடி நல்லது, அதையும் வீட்டிலேயே பழக்குங்கள். எல்லாவற்றையும்விட எளியது, சவுண்ட் பொக்ஸில் இருந்து தள்ளி இருப்பது. ஏற்பாட்டாளரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் தயங்காதீர்கள்.

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி: எத்தனை மணிக்கு வந்தால் சரி? பாலம் தாண்டி பஸ்ஸில் வரவேண்டும்.

அழைப்பிதழில் நாலு மணி என்றிருந்தால் நாடகம் நாலு மணிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் மண்டபங்களில் விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்துதான் திரை விலகும். பிரதம விருந்தினர் பிந்தினால் அதற்கும் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் பொறுமை முழுவதும் உரைகளிலேயே செலவாகிவிடும். பிறகு முயல் மேடைக்கு வரும்போது பிள்ளை கதிரைக்குக் கீழே படுத்து அழும். "பிள்ளைக்கு நாடகம் பிடிக்கவில்லை" என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம். பிள்ளை நாடகத்தைப் பார்க்கவே இல்லையே!

அதனால் திரை விலகும் நேரத்தைக் கேட்டு, அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் உள்ளே வாருங்கள். பகல் தூக்கம் முடிந்திருக்கட்டும், வயிறு நிறைந்திருக்கட்டும். ஏற்பாடு செய்பவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: நாடகத்தை முதலில் போடுங்கள், உரைகளைப் பின்னால் வையுங்கள். பெரியவர்களால் காத்திருக்க முடியும்.

எந்தக் கதிரை நல்லது?

நடு வரிசையில், கதவுப் பக்கத்து ஓரக் கதிரை. முன்வரிசை மரியாதையான இடம்தான், ஆனால் சின்னப் பிள்ளைக்கு உருவமும் சத்தமும் மிகப் பெரிதாக இருக்கும்.

தம்பலகாமத்தில் இருந்து ஓர் அம்மம்மா: நாங்கள் கைக்குழந்தையாய் இருந்தே விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். இப்ப ஏன், பிள்ளை, இத்தனை ஆயத்தம்?

நியாயமான கேள்வி, அம்மம்மா. கூத்துக் களரியைச் சுற்றித் திறந்த வெளி. பாய் விரித்து இருந்தீர்கள். பசித்தால் பால், தூக்கம் வந்தால் மடி. எழுந்து ஓடினாலும் யாரும் அதட்டவில்லை. மத்தளமும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரலும் மனித அளவான சத்தம். ஆடுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் ஊருக்கே தெரியும். கதவை மூடி, விளக்கை அணைத்து, அசையாமல் இரு என்று சொல்லும் மண்டபம்தான் பிள்ளைக்குப் புதிது. ஆயத்தம் அந்த மண்டபத்துக்காகத்தான். மேடைக்கு முன்னால் பாய் விரித்து, விளக்கை முழுதாக அணைக்காமல் நடத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதை நம் குழுக்கள் உங்களிடம் கேட்டுப் படிக்கலாம்.

நடுவில் அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே?

பார்க்கட்டும். தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், தண்ணீர் கொடுங்கள். அமைதியானதும் வாசலில் நின்று பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம். "காசு கொடுத்து வந்தோம், இரு" என்று அமர்த்தி வைத்தால் அடுத்த தடவை மண்டப வாசலைக் கண்டதுமே அழும்.

ஃபோனில் வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். பிள்ளை மேடையை விட்டு உங்கள் கையில் உள்ள வெளிச்சத்தைப் பார்க்கும்.

அன்புவழிபுரத்தில் இருந்து: மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இருவரையும் கூட்டிவரலாமா?

இரண்டு பெரியவர்கள் வந்தால் மட்டும். சின்னவனோடு வெளியே போவது யார் என்று வீட்டிலேயே பேசிவையுங்கள். அவன் அழுகிறான் என்று மூத்தவளையும் பாதியில் எழுப்பவேண்டாம். ஆறு வயதில் கதை நன்றாகப் புரியும், முடிவைப் பார்க்காமல் வந்தால் மனம் உடைந்துபோவாள். தனியாகத்தான் வரமுடியும் என்றால் இம்முறை மூத்தவளை மட்டும் கூட்டி வாருங்கள்.