டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி, காப்பீட்டுப் பணம் கிடையாதா?

கேள்வி: சார், அப்பாவுக்கு 64 வயது. 2019 ஜூனில் ஏஜென்ட் மூலம் 3 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். 2022 ஜூனில் 5 லட்சமாக உயர்த்தினோம். பிரீமியம் ஒரு வருடம்கூட விட்டதில்லை. 2025 செப்டம்பரில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 4,10,000 ரூபாய். 'பத்து வருட ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டீர்கள்' என்று கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. அப்பா மாத்திரை போடுவதே 2020 முதல்தான். என்ன செய்வது? – திருச்சி வாசகர்

பதில்: அந்தப் 'பத்து வருடம்' எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில், நோயாளி வலியில் துடிக்கும்போது, கூட வந்த யாரோ சொன்னதைப் பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதுவே அப்படியே ஏறிவிடும். 2020இல் முதன்முதலாக மாத்திரை எழுதித் தந்த டாக்டரின் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அவரிடமே ஒரு சான்றும் வாங்குங்கள்.

ஆனால் உங்கள் பலம் அதைவிடப் பெரியது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை மாற்றியது. 60 மாதங்கள் இடைவெளியில்லாமல் பாலிசி ஓடிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கிளெய்மை எதிர்க்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது எட்டு ஆண்டு. உங்கள் பாலிசிக்கு 2024 ஜூனிலேயே 60 மாதம் முடிந்துவிட்டது.

சரி, முழுத் தொகையும் வந்துவிடுமா? இங்கேதான் ஒரு சிக்கல். உயர்த்திய 2 லட்சத்துக்கு 60 மாதக் கணக்கு 2022 ஜூனிலிருந்து புதிதாக ஓடுகிறது, 2027இல்தான் முடியும். ஆகவே 3 லட்சத்துக்கு நீங்கள் உறுதியாக நிற்கலாம். மீதி 1,10,000 ரூபாய்க்கு வாதாட வேண்டியிருக்கும். அப்பா 2020 முதல் மாத்திரை போடுகிறார், 2022இல் தொகையை உயர்த்தினீர்கள். அப்போது உடல்நலக் கேள்விகள் கொண்ட படிவம் ஏதும் தந்தார்களா? தந்து, அதில் 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தால் அந்தப் பகுதி பலவீனம்தான். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இரண்டையும் மறைத்த ஒரு வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே நின்றது. கேள்வியே கேட்காமல் கூடுதல் பிரீமியத்தை வாங்கிப் போட்டிருந்தால் கதை வேறு. கேட்காததை மறைத்ததாகச் சொல்வது கடினம். அதனால் 2019, 2022 இரண்டு படிவங்களின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். (ஏஜென்ட் நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கிப்போன படிவங்களை நான் பார்த்த அளவுக்குக் கல்யாணப் பத்திரிகைகூடப் பார்த்ததில்லை.)

நிராகரிப்புக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கம்பெனிக்குள்ளேயே இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கவும் கூடாது. அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மேற்சொன்னதையெல்லாம் எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், இவர் கம்பெனி ஆள் அல்ல) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் போதவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. குறைதீர்ப்பாளரிடம் மனு நிலுவையில் இருக்கிறதே என்று அந்தத் தேதியைக் கோட்டை விடாதீர்கள். இன்னொன்று, முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். உங்கள் தொகைக்குக் குறைதீர்ப்பாளரிடம் முதலில் போவதே நல்லது.

அப்புறம், இந்தத் தகராறில் கோபப்பட்டு அடுத்த ரினியூவலைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். விட்டால் 2019 முதல் சேர்த்த மாதங்கள் எல்லாம் போய்விடும்.